கேமரா கடைக்காரரின் முதல் வாக்கியம்: ஓர் ஆய்வு

கேமரா வாங்கப் போகிறவனின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று, கடைக்காரர் வாய்திறந்து சொல்லும் முதல் வாக்கியமே என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வுக் களம், சென்னை பாரிமுனைச் சந்துகள். ஆய்வுக் காலம், ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு நீங்கலாக. நிதி நல்கை, ஆய்வாளனின் மனைவி.

முதல் வாக்கியத்தை வைத்துக் கடைக்காரர்களை மூவகைப்படுத்தலாம். "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்பார் முதல் வகையினர். எத்தொகையைச் சொன்னாலும் அதற்கு எட்டாயிரம் மேலே ஒரு கேமரா அவரிடம் இருக்கும். "இப்ப இதுதான் சார் மூவிங்" என்பார் இரண்டாம் வகையினர். மூவிங் என்பது கேமராவின் குணமா, தேங்கிக் கிடக்கும் சரக்கைப் பற்றிய பிரார்த்தனையா என்பது ஆய்வுக்குரியது.

மெகாபிக்சல் குறித்தும் இவண் ஒரு சொல். ஆல்பத்தில் ஒட்டும் மேக்சி சைஸ் பிரிண்ட் 6க்கு 4 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 1,800க்கு 1,200, அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 24 மெகாபிக்சல் கேமரா தருவதோ 6,000க்கு 4,000. சுவரளவு பெரிதாக்கவும், ஓரம் வெட்டி எடுக்கவும் அது உதவும், மறுப்பதற்கில்லை. மற்றபடி எஞ்சிய 22, மாமியார் வீட்டுக்கு வாட்ஸாப்பில் போகும் வழியிலேயே சிந்திவிடுகிறது.

மூன்றாம் வகையினர் அரியர். ஆய்வாளனுக்குக் கிடைத்தவர் ஒருவரே. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியபின் கிடைத்த ஒரு பாய்.

"என்ன எடுக்கப் போறீங்க தம்பி?"

"சும்மா... எல்லாம்தான் பாய்."

அவர் டீ சொல்லி அனுப்பினார். கண்ணாடி அலமாரியிலிருந்த பழைய 50 எம்.எம். லென்ஸை ஆய்வாளன் ஆசையாய்க் கைகாட்ட, அதை எடுத்து முன்மூடி பின்மூடி இரண்டையும் கழற்றினார். போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, "உள்ள பாருங்க" என்றார். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி இழைபோல் நாலைந்து வெள்ளைக் கோடுகள், வேர்விட்டாற்போலக் கிளை பிரிந்து.

"ஃபங்கஸ். இப்ப படத்துல தெரியாது. ஆனா வளரும். வேணாம்."

தன் சரக்கையே வேண்டாம் என்ற இவ்வாக்கு இவ்வாய்வின் முதன்மைத் தரவு. கடற்காற்று ஊரில் தோல்பைக்குள் போட்டு பீரோவில் பூட்டினால் லென்ஸுக்கு இக்கதிதான் என்றார். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதுமாம். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறட்டிக்கொள்ளலாமாம். (அந்த வாணலியில் பிறகு தாளிக்கலாகாது. இது ஆய்வாளனின் சேர்க்கை.)

"சரி பாய், ஃபங்கஸ் இல்லாத 50 ஒண்ணு?"

"உங்க ஹால் எத்தனை அடி?"

கேமரா கேட்டவனிடம் ஹாலைக் கேட்டவர் அவர் ஒருவரே. சின்ன சென்சார் கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் 75போல நடந்துகொள்ளும். பத்தடி தள்ளி நின்றாலும் ஐந்தடி அகலம்கூட உள்ளே வராது. பாட்டி வருவார், பேரப்பிள்ளைகள் வெளியே நிற்பர். "கிட் லென்ஸோடயே ஆறு மாசம் எடுங்க. எந்த நம்பர்ல அதிகமா நிக்கிறீங்கன்னு பார்த்துட்டு அப்புறம் வாங்க" என்று, தூசி ஊதும் ரப்பர் பந்து ஒன்றை மட்டும் விற்றார்.

வீடு திரும்பியதும் டேப் எடுத்து ஹாலை அளந்தேன். பதினோரு அடி. சோபா நீங்கலாக எட்டரை.