தலைக்கு வந்த பந்து

கேள்வி: நாற்பத்தைந்து வயதில் நண்பர்கள் ஞாயிறுதோறும் பேஸ்பால் ஆடக் கூப்பிடுகிறார்கள். பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு ஹெல்மெட் எதற்கு?
– வாசகர், புக்கிட் மேரா

பதில்: பொழுதுபோக்கு என்பது உங்களுக்குத் தெரியும், பந்துக்குத் தெரியுமா? 1920-இல் நியூயார்க்கில் தலையில் பந்து பட்ட பேஸ்பால் ஆட்டக்காரர் ரே சாப்மன் மறுநாளே இறந்தார். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் ஹெல்மெட் கட்டாயமானதோ 1971-இல்! அரை நூற்றாண்டு யோசித்திருக்கிறார்கள். அதிலும் பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்கு. (அந்தச் சலுகையை நீங்கள் கேட்காதீர்கள்.)

நம் சிங்கப்பூரில் கூடுதலாக ஓர் எதிரணி உண்டு: இடி. ஆண்டில் 160 நாளுக்கு மேல் ஆட்டத்துக்கு வருகிறது. திடலில் மின்னல் எச்சரிக்கைச் சைரன் ஒலித்தால், உலோக மட்டையைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடுங்கள். அன்றைக்கு நீங்கள் எடுக்கும் ஒரே ஓட்டம் அதுவாகவும் இருக்கலாம்.