படிவம் 4457-க்கு ஒரு கூடூ மானின் நன்றி மனு

அனுப்புநர்:
கூடூ மான் (ஆண், வயது ஏழு),
வேலிக்கு உட்புறம்,
லிம்போபோ மாகாணம், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அமெரிக்கச் சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை,
வாஷிங்டன்.

பொருள்: வேட்டைத் துப்பாக்கிப் படிவங்களைப் பெருக்கித் தருமாறும், அதில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்குமாறும் வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் படிவம் எண் 4457.

ஐயா,

நலம். நலமறிய ஆவல். என் நலம் பெரும்பாலும் தங்கள் அலுவலகத்தின் தயவில் இருப்பதால், தாங்கள் நலமாக இருந்தாக வேண்டும்.

என்னைத் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சாம்பல் நிறம், விலாவில் சுண்ணாம்பு இழுத்தது போல வெள்ளை வரிகள், இரண்டரைச் சுற்று முறுக்கிய கொம்பு. அந்தக் கொம்புக்காகத்தான் தங்கள் நாட்டவர் அட்லாண்டாவில் ஏறிப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஜோகன்னஸ்பர்க் வந்து இறங்குகிறார்கள். மே தொடங்கிச் செப்டம்பர் வரை இங்கே இலை உதிரும் காலம். ஒளிய இடமில்லை. அதற்குப் பெயர் சீசன். ரோலண்ட் வார்டு என்ற லண்டன்காரர் 1892-இல் தொடங்கிவைத்த கொம்பளவுப் பதிவேடு ஒன்று இன்றும் வருகிறது. அதில் எங்கள் இனத்தான் பெயர் ஏற வேண்டுமானால் கொம்பு 53 ⅞ அங்குலமாவது இருக்க வேண்டும். என் கொம்பின் நீளத்தை இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை. தபால் யார் கையில் சிக்குமோ.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆண்டவன் எனக்குக் காதைப் பெரிதாக வைத்திருக்கிறான். ராத்திரியில் முகாமில் விறகை மூட்டி இறைச்சியை வாட்டிக்கொண்டு விருந்தாளிகள் பேசுவதை முள்மரத்துக்குப் பின்னால் நின்று கேட்பது என் வழக்கம். என்னைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். பாதிப் பேச்சு படிவத்தைப் பற்றி. குண்டடி பட்டவன்கூட அப்படிப் புலம்பமாட்டான். கேட்கக் கேட்க எனக்குத் தங்கள் துறைமீது பக்தியே வந்துவிட்டது.

முதல் நன்றி படிவம் 4457-க்கு. வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் சொந்தப் பொருள்களுக்கான பதிவுச் சான்றிதழ் என்பது அதன் முழுப் பெயர். ஜப்பான் கேமராவும் சுவிஸ் கைக்கடிகாரமுமாக ஊர்சுற்றப் போன அமெரிக்கர் திரும்பும்போது, "இது அங்கே வாங்கியதுதானே, தீர்வையைக் கட்டு" என்று தங்கள் ஆட்களே மடக்கிவிடக் கூடாது என்பதற்காகப் பிறந்த தாள். அதற்கு மேல் அதற்கு லட்சியம் எதுவும் கிடையாது. ஆனால் இங்குள்ள காவல்துறை துப்பாக்கிக்கு உரிமம் எங்கே என்று கேட்கிறது. தங்கள் நாட்டிலோ சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கு மத்திய அரசு உரிமம் என்று ஒன்று இல்லை. வேறு வழியில்லாமல் கேமராத் தாளை நீட்டுகிறார்கள். இங்குள்ளவர்களும் முத்திரையைப் பார்த்து, அமெரிக்கத் துப்பாக்கி உரிமம் இப்படித்தான் இருக்கும்போலும் என்று வாங்கிக்கொள்கிறார்கள். தங்கள் அதிகாரி செய்வது, துப்பாக்கியிலுள்ள வரிசை எண்ணும் தாளிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்திடுவது மட்டும். ஒரு நகல்கூட எடுத்துவைத்துக்கொள்வதில்லை. உரிமமே தராத நாட்டுக்கும் உரிமம் இல்லாமல் விடாத நாட்டுக்கும் இடையில் ஒரு கேமராத் தாள் சமாதானம் செய்து வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையால் முடியாத காரியம்.

அந்தத் தாளின் தலைப்பில் ஒரு காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். அது படிவத்தை அச்சிட்டு வழங்க வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம் தந்த ஒப்புதல் என்றைக்கு முடிகிறது என்பதற்கான தேதி. துப்பாக்கிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. எழுத்து தெளிவாகத் தெரிகிற வரைக்கும் சான்றிதழ் செல்லும் என்பதுதான் தங்கள் துறையின் நிலை. இதைத் தென்னாப்பிரிக்கக் காவலரிடம் சொல்லிப் பாருங்கள். தேதி தாண்டிவிட்டது, உரிமம் செத்துவிட்டது என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலாவதித் தேதி என்று போட்டிருந்தால் காலாவதியாகும் என்றுதானே எவரும் படிப்பார்கள்? இதனால் பழைய தாளைக் கடாசிவிட்டு, புதுத் தேதி போட்ட படிவத்துக்காகத் துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி தங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். இந்த எண், தேதி ஏற்பாட்டுக்கெல்லாம் மூலம் 1980-இல் தங்கள் நாடாளுமன்றம் இயற்றிய காகித வேலைக் குறைப்புச் சட்டமாம். அந்தச் சட்டத்தை எழுதியவருக்கு எங்கள் நீர்த்தொட்டியருகே ஒரு சிலை வைக்க உத்தேசம்.

ஆனாலும் 2015-ஐப் போல ஒரு வருஷம் இனி வராது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் தங்கள் வெளியுறவுத் துறை ஒரு விதியைத் திருத்தியிருந்தது: துப்பாக்கியோடு வெளிநாடு போகிறவர் அதைத் தற்காலிக ஏற்றுமதி என்று இணையத்தில் பதிய வேண்டும். 2015-இல் தங்கள் துறை அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சரக்குக் கப்பல் அனுப்புகிற கம்பெனிகளுக்காகக் கட்டிய பதிவேடு அது. உள்ளே நுழைய வேண்டுமானால் தொழில் நடத்துகிறவர்களுக்கு வரித்துறை கொடுக்கும் முதலாளி எண் வேண்டும். வரித்துறையோ, தொழில் நடத்தாதவர் அந்த எண்ணைக் கேட்கவே கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. ஆக, ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியர் என்னைச் சுட வேண்டுமானால், முதலில் தனக்கு ஒரு கம்பெனி இருப்பதாக வரித்துறையிடம் பொய் சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பொய்யை வெளியுறவுத் துறைக்காகத் தங்கள் துறையிடம் காட்ட வேண்டும். மூன்று துறைகள் கைகோத்து ஒரு மானைக் காத்த சரித்திரம் வேறெங்காவது உண்டா? வேட்டைக்காரர் சங்கங்கள் கூச்சல் போட்டன. அந்த வருஷமே தாங்கள் இறங்கிவந்து பழைய கேமராத் தாளுக்கே திரும்பிவிட்டீர்கள். அந்த மனவருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தோட்டாக் கணக்கையும் பாராட்டியாக வேண்டும். ஆளுக்கு மூன்று துப்பாக்கி, ஆயிரம் தோட்டா வரை கொண்டுபோகலாம் என்பது தங்கள் நாட்டுத் தாராளம். துப்பாக்கிக்கு 200 என்கிறது தென்னாப்பிரிக்கா. தோட்டா மொத்தம் ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது விமானம். எனக்கு ஒன்று போதும்.

விமான நிலைய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பூட்டு. துப்பாக்கி கெட்டிப் பெட்டிக்குள், தோட்டா நீக்கி, பூட்டிக் கிடக்க வேண்டும். சாவி பயணி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். உள்ளே துப்பாக்கி இருப்பதாக வெளியில் சீட்டு ஒட்டச் சொல்ல விமான நிறுவனத்துக்கு அதிகாரமில்லை. தங்கள் நாட்டுச் சட்டமே தடுக்கிறது. நடுவழியில் ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறினால், மனிதர் ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடலாம். துப்பாக்கிக்கு மட்டும் டச்சுச் சுங்கத்தாரின் முன் ஒப்புதல் வேண்டும். கனடாவுக்குப் போகிறவர் கதை வேறு: 25 டாலர் கட்டினால் 60 நாளுக்குச் செல்லுகிற சீட்டு. அங்குள்ள மான்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கினால் காவல்துறைப் படிவம் 520. கருப்பு மையில் மட்டும் எழுத வேண்டும். பெட்டியைத் திறந்து, குழலை வெளிச்சத்துக்குத் திருப்பி, வரிசை எண்ணைத் தாளோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுவார்கள். ஒரு விருந்தாளி சொன்னது: அவருடைய துப்பாக்கியின் எண்ணில் ஒரு 8, உலோகத்தில் தேய்ந்துபோய் 3 மாதிரி தெரிந்திருக்கிறது. காவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் அந்தப் பள்ளத்தை வருடி வருடிப் பார்த்தாராம். வரிசையில் பின்னால் பதினோரு பேர். கடைசியில் 8 என்று தீர்ப்பானது. ஆனால் விருந்தாளி ஊரிலிருந்தே கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதிகாரியின் கண்முன்னால் போடாத கையெழுத்து கையெழுத்தே அல்ல. புதுப் படிவத்தை வாங்கி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. முகாமுக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் காலையில் நான் ஆற்றங்கரையில் நிம்மதியாக இலை மேய்ந்தேன் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

நிற்க.

நன்றி சொல்ல வந்தவன் குறையும் சொல்வதற்கு மன்னிக்கவும். துப்பாக்கி யாருடையது, எந்தக் கம்பெனி, என்ன எண், எப்போது வருகிறது, எப்போது திரும்புகிறது என்று இத்தனை அலுவலகங்கள் கேட்கின்றன. அழைப்புக் கடிதமும் திரும்பும் டிக்கெட்டும் கேட்கிறார்கள். துப்பாக்கி பத்திரமாக ஊர் திரும்ப வேண்டும் என்பதில் உலகத்துக்கே அக்கறை. இவ்வளவு கட்டங்களில் ஒரு கட்டமாவது, "தங்களுக்குச் சுடத் தெரியுமா?" என்று கேட்கிறதா? தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

எனக்கு அந்த ஒரு கேள்வியில்தான் அக்கறை. நான் வேலிக்குள் இருக்கிறவன். 1991-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. காட்டு விலங்குத் திருட்டுச் சட்டம் என்று பெயர். நிலத்தைச் சரியாக வேலியிட்டிருந்தால் உள்ளே இருக்கிற மான் நிலக்காரரின் சொத்து. தாண்டி ஓடினாலும் அவர் சொத்துதான். என் தலைக்குச் சில ஆயிரம் டாலர் விலைப்பட்டியலில் இருக்கிறது. அந்தப் பணம் வராவிட்டால் இந்த நிலத்தில் எனக்குப் பதில் மாடு மேயும் என்பதையும் அறிவேன். அதனால் வேட்டையே கூடாது என்று முழங்க எனக்கு வாயில்லை. வேலியும் யோக்கியமில்லை. 1980களின் வறட்சியில் வேலிக்குள் அடைபட்ட எங்கள் கூட்டம் கிடைத்த வேல மரங்களையே மேய்ந்து மேய்ந்து, இலையில் ஏறிய டானின் என்ற பொருள் நஞ்சாகி, கும்பல் கும்பலாகச் செத்தது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் வூட்டர் வான் ஹோவன் ஆராய்ந்து சொன்னது. அந்தச் சாவுக்கு யாரும் படிவம் நிரப்பவில்லை.

துப்பாக்கிச் சாவு அதைவிட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன், குறி சரியாக இருந்தால். முன்னங்காலுக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை அகலம். அங்கே பட்டால் எனக்கே தெரியாது. வயிற்றில் பட்டால் இரண்டு நாள். இங்கே வழக்கம் என்னவென்றால், ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே முழுக் கட்டணமும் வசூல். நான் புதருக்குள் தப்பிப் போனாலும் கணக்குப் புத்தகத்தில் விற்றுப்போனவன்தான்.

அதே 2015-இல், ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தை மினசோட்டாக்காரர் ஒருவர் கொன்றது உலகச் செய்தியானது. அவர் கையில் இருந்தது வில். வில்லுக்கு 4457-ம் இல்லை, 520-ம் இல்லை. அதையடுத்துத் தங்கள் நாட்டின் டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் மூன்றும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐவரின் தலையையும் தோலையும் ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தன. பெரிய இடத்து ஐவர். கூடூவின் பெயர் பட்டியலில் இல்லை. துப்பாக்கி வழக்கம்போல ஏறலாம். போகும்போது துப்பாக்கி பறக்கலாம், வரும்போது சிங்கத்தலை பறக்கக் கூடாது, என் தலையென்றால் பாதகமில்லை. அது தங்கள் வனவிலங்குத் துறையின் 3-177 என்ற படிவத்தை நிரப்பிக்கொண்டு ஒரு துறைமுகத்தில் இறங்கும். அழிந்துவரும் உயிர்களின் சர்வதேசப் பட்டியலிலும் நான் இல்லை. ஏராளமாக இருப்பதற்கான தண்டனை.

எனவே என் கோரிக்கை சிறியது. வேட்டைக்காரர் வந்திறங்கிய மறுநாள் காலை, மரத்தில் ஒரு காகிதத்தை மாட்டி நூறு மீட்டரிலிருந்து சுடச் சொல்வார்கள். விமானத்தில் சாமான் தூக்கிப் போட்ட போட்டில் தொலைநோக்கி அசைந்திருக்கிறதா என்று பார்க்க. அந்தக் காகிதத்தை நான் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். சிலருடையதில் மூன்று ஓட்டையும் ஒரு நாணயத்துக்குள் அடங்கும். சிலருடையதில் ஓட்டையே இருக்காது, மரத்தின் பட்டை பெயர்ந்திருக்கும். இந்தப் பயணம் முழுவதிலும் என் சம்பந்தப்பட்ட காகிதம் அது ஒன்றுதான். அதைத்தான் எந்த அலுவலகமும் கேட்பதில்லை. அதில் முத்திரை இல்லை, எண் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அதை வைத்து அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை 4457-ஐ அச்சிடும்போது அதை இணைக்கச் சொல்லி ஒரு கட்டம் சேர்த்தால் போதும். அப்படியே, இந்த வம்பே வேண்டாமென்று முகாமிலேயே துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் ஆசாமிகள் பெருகிவருகிறார்கள். கையை வீசிக்கொண்டு வருகிறார்கள், முதல்நாள் காலையிலேயே தெளிவாக எழுந்துவிடுகிறார்கள். அதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

தங்கள் சாதகமான பதிலை எதிர்நோக்கும்,
லிம்போபோ கூடூ மான்.

நகல்: மத்திய துப்பாக்கிப் பதிவகம், பிரிட்டோரியா.

கையொப்பம்: (அதிகாரியின் முன்னிலையில், கருப்பு மையில் இடப்படும். அதிகாரி நேரில் வரவும். பெட்டியைக் கொண்டுவர வேண்டாம்.)