சாய்ந்து கொடுத்த மூலவர்: கிட்ரிவ்யூ கோப்பின் திருவெறும்பூர்ப் பூர்விகம் குறித்து

கோட் ரிவ்யூவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். எழுதிய நிரலை நாலு பேர் உட்கார்ந்து வரிவரியாகச் சோதிக்கும் முறையை ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் 1976இல் கட்டுரையாக வெளியிட்டார். அன்றிலிருந்து யார் சோதிப்பது, ஒரு தடவைக்கு எத்தனை வரி சோதிப்பது, சோதித்தவர் கடிந்து சொன்னால் எழுதியவர் மனம் என்ன பாடுபடும் என்பது வரை அறிஞர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. விட்டுவைத்தது ஒன்றே ஒன்றுதான். ரிவ்யூ தொடங்கும் முன்பு களஞ்சியத்தை ரிவ்யூக் கருவியோடு பேசவைக்க வேண்டுமே, அந்தக் காரியம். அதை யார் செய்வது? புதிதாக நிரல் கொண்டுவருகிறவரா, களஞ்சியத்துக்கு உடையவரா? உடையவர்தான் செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இந்தத் துணிபு கலிஃபோர்னியாவில் பிறந்தது என்று நம்பப்படுகிறது. திருச்சிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் சாலையில், திருவெறும்பூர் மலைமேல் அது வெகுகாலம் முன்பே நிலைநாட்டப்பட்டுவிட்டது என்பதை நிறுவுவது இதன் உபநோக்கம்.

ஆய்வுப்பொருளை முதலில் அறிமுகம் செய்துவிடலாம். ஜெரிட் என்ற ரிவ்யூக் கருவி, ஆண்ட்ராய்டு வேலைக்காக கூகுளில் ஷான் பியர்ஸ் முன்னின்று உருவாக்கியது. அதன் முன்னோடி, பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம் எழுதிய ரீட்வெல்ட். ஜெரிட் ரீட்வெல்ட் என்பவர் நாற்காலிகளுக்குப் பேர்போன ஒரு டச்சு வடிவமைப்பாளர். அவர் பெயரின் பின்பாதியை ஒரு கருவியும் முன்பாதியை இன்னொன்றும் பங்கு பிரித்துக்கொண்டன. தமிழ் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கி மென்பொருளும் 2012இல் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவிக்கும் ஜெரிட்டுக்கும் மாறியது. ஆக, இந்தக் கருவியின் தயவு இல்லாமல் தமிழில் ஒரு விக்கிப் பக்கமும் திறக்காது என்று கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்லலாம். இந்தக் கருவிக்குக் களஞ்சியத்தை இணக்குவது கிட்ரிவ்யூ கோப்பு. ஓப்பன்ஸ்டாக் திட்டத்தில் உருவான ஒரு சிறு துணைக்கருவி அதைப் படிக்கும். கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கோப்புகளைப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. திறந்து பார்த்தால், முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ஜெரிட் என்ற தலைப்பு இருக்கும். அடுத்த வரியில் ஹோஸ்ட், அதாவது சர்வரின் பெயர். பிறகு போர்ட் எண், வழக்கமாக 29418. பிறகு புராஜெக்டின் பெயர். கடைசியில் எந்தக் கிளைக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு. முடிந்தது. அளவைப் பார்த்து அலட்சியம் செய்ததுதான் அறிஞர்கள் சறுக்கிய இடம்.

முதற்சான்று மலைமேல் இருக்கிறது. அப்பர் பாடிய தலம். இறைவன் எறும்பீசர், இறைவி நறுங்குழல் நாயகி. தாரகாசுரனின் கொடுமை தாளாத தேவர்கள், அவன் கண்ணில் படாமல் வழிபடுவதற்காக எறும்பு வடிவெடுத்து இங்கு வந்தார்கள் என்கிறது தலபுராணம். வந்த இடத்தில் சிவலிங்கம் எண்ணெய்ப் பசையோடு வழுக்கியது. ஏறிய எறும்புகள் சறுக்கி விழுந்தன. அதைக் கண்ட இறைவன் தம்மைப் புற்றுமண்ணாக மாற்றிக்கொண்டு, அவை ஏறுவதற்குத் தோதாகச் சற்றே சாய்ந்தும் கொடுத்தார். இன்றும் மூலவர் சாய்ந்துதான் இருக்கிறார். புற்றுமண் திருமேனி என்பதால் மேலே தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் பக்தர்களுக்குக் கருணை தெரியும். ஆய்வாளனுக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. எறும்புகளுக்கு நகம் முளைக்கவில்லை. வழுக்கும் பரப்பில் ஏறுவது எப்படி என்று அவற்றுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. தொடக்கநிலையாளர் கையேடு என்று நாற்பது பக்கத்துக்கு எதையும் எழுதி மலையடிவாரத்தில் தொங்கவிடவும் இல்லை. மாறியது மூலவர் மட்டும். அதுவும் மலையையே பெயர்க்கிற அளவுக்கு மாறவில்லை; ஏறுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. நாலைந்து வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

சாய்வு இல்லாத லிங்கத்தில் என்ன நடக்கும் என்பதைச் சோதித்தறியப் புராண காலத்துக்குப் போக வேண்டியதில்லை. நவல்பட்டு எல்காட் பூங்காவிலோ துவாக்குடி என்.ஐ.டி. விடுதியிலோ ஒருவர் கிட்ரிவ்யூ கோப்பு இல்லாத களஞ்சியம் ஒன்றைக் குளோன் செய்து, அதில் ஒரு பிழையைக் கண்டு, திருத்தியும்விடுகிறார் என்று கொள்வோம். வழக்கம்போல மெயின் கிளைக்குப் புஷ் செய்கிறார். அனுமதி இல்லை என்கிறது சர்வர், முதல் சறுக்கல். நேராக அனுப்பக் கூடாது, கிளையின் பெயருக்கு முன்னால் ரெஃப்ஸ், ஃபார் என்ற இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று எங்கோ படிக்கிறார். அப்படியே அனுப்புகிறார். கமிட் செய்தியின் அடியில் சேஞ்ச்-ஐடி இல்லை என்று திருப்பியடிக்கிறது, இரண்டாம் சறுக்கல். சேஞ்ச்-ஐடி என்பது ஐ என்ற பெரிய எழுத்தும் அதற்குப் பின்னால் 40 பதினாறடிமான இலக்கங்களும் கொண்ட ஒரு வரி. அதை ஹூக் என்ற சிறு நிரல், கமிட் செய்யும்போது தானாகவே எழுதிக்கொடுக்கும். ஆனால் ஹூக்குகள் இருக்கும் அடைவு குளோன் செய்யும்போது கூட வராது. சர்வரிலிருந்து தனியாக இறக்கி, உரிய இடத்தில் வைத்து, இயக்க உரிமையும் கொடுக்க வேண்டும். வைத்தாயிற்று, மறுபடி அனுப்புகிறார். மறுபடியும் அதே பதில். பழைய கமிட் ஹூக் வருவதற்கு முன்னால் பிறந்ததாயிற்றே; அதை அமெண்ட் செய்தால்தான் ஹூக் ஓடும். இதுதான் மூன்றாம் சறுக்கல், பலரும் மலையிறங்கிப் போய்விடுகிற இடமும் இதுதான். கோப்பு இருந்திருந்தால் துணைக்கருவியை ஒரு தடவை ஓட்டினால் போதும். அதுவே சர்வரைக் கண்டுபிடித்து, ஹூக்கை இறக்கி வைத்து, சரியான கிளைக்கு அனுப்பியும்விடும். பிழைத்திருத்தம் என்னவோ ஒரே ஒரு காற்புள்ளியாகக்கூட இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஸ்ரீரங்கம் குறுக்கே வருகிறது. ரிவ்யூ என்று பேச்சு வந்தால் முதல் மரியாதை தங்களுக்கே என்று அவ்வூரார் கோருவதில் நியாயம் உண்டு. தாயார் சந்நிதி முன்னால் இருக்கும் மண்டபத்தில்தான் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். எதிரே இருந்த மேட்டழகிய சிங்கர் தலையசைத்து அங்கீகரித்தார் என்று கதை போகிறது. ஆனால் இந்தச் சான்றை ஊன்றிப் பார்த்தால் அது நம் கட்சிக்கே வந்து சேருகிறது. அரங்கேற்ற வந்த கம்பரிடம், முதலில் தில்லை மூவாயிரவரின் ஒப்புதலை வாங்கி வாரும் என்று சொன்னார்களாம். மூவாயிரம் ரிவ்யூவர்கள்! அவர்களை எங்கே, எப்போது, எப்படி ஒருசேரப் பிடிப்பது என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இல்லை. ஹோஸ்ட் தெரியாது, போர்ட் தெரியாது. கவிச்சக்கரவர்த்தியே காவிரிக் கரையோடு அலைய வேண்டியதாயிற்று. சிங்கர் தலையசைத்ததும் முறைப்படியான ரிவ்யூவில் சேராது. ஜெரிட்டின் இயல்பான விதிப்படி ஒருவர் மைனஸ் 2 என்ற தடை வாக்கைப் போட்டுவிட்டால், எத்தனை பேர் பிளஸ் 2 என்ற ஒப்புதல் வாக்கைப் போட்டாலும் மாற்றம் உள்ளே போகாது. போட்டவரே எடுக்க வேண்டும், இல்லையேல் மேலிடத்து அட்மின் தலையிட வேண்டும். நடந்தது இரண்டாவது. ஸ்ரீரங்கத்தில் ரிவ்யூ நடந்தது, மறுப்பதற்கில்லை. ரிவ்யூவுக்குக் களஞ்சியத்தை இணக்கும் வேலை திருவெறும்பூரில்தான் நடந்தது.

அடுத்த ஆட்சேபம் கனமானது. இப்படி யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று சாய்ந்து கொடுத்தால் தரம் என்னாவது? முட்டி மோதிக் கற்றுக்கொண்டு வருகிறவர்தானே உருப்படியாக நிரல் எழுதுவார்? இதற்கு விடை அதே ஊரின் அடிவாரத்தில், பெல் ஆலையிலும் அதைச் சுற்றித் துவாக்குடி வரை பரவிக் கிடக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும் கிடைக்கிறது. 1960களிலிருந்து இங்கே உயர் அழுத்த பாய்லர்கள் செய்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகளை அறிந்த ஊர். கண்டிப்பில் யாருக்கும் சளைத்ததில்லை. தரத் திட்டத்தில் ஹோல்டு பாயிண்ட் என்று குறித்திருந்தால், இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அடுத்த வேலையைத் தொடக் கூடாது. எஃகுத் தகடு ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பர் பஞ்ச் செய்திருக்கும். அது எந்த உருக்கிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. தகட்டை இரண்டாக வெட்டப்போகிறார்கள் என்றால், வெட்டுவதற்கு முன்பே அந்த எண்ணை மற்றத் துண்டிலும் பஞ்ச் செய்தாக வேண்டும். வெட்டிவிட்டு அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தத் துண்டு ஊர் பேர் தெரியாத இரும்பாகிவிடும், பாய்லருக்கு ஆகாது.

சேஞ்ச்-ஐடி செய்வது இம்மி பிசகாமல் இதே வேலை. கமிட்டை அமெண்ட் செய்தால் கிட் அதற்குப் புதிய அடையாள எண் கொடுத்துவிடும்; சர்வரின் கண்ணுக்கு அது வேறு ஆள். அடிவரியில் பழைய சேஞ்ச்-ஐடி இருந்தால்தான், நேற்று வந்த மாற்றத்தின் இரண்டாம் பதிப்பு இது என்று ஜெரிட் அறிந்து, ரிவ்யூவர் சொன்ன குறைகளோடு சேர்த்து வைக்கும். இப்போது பட்டறையில் நடக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணை எங்கே அடிப்பது, யார் முன்னிலையில் அடிப்பது என்பதெல்லாம் தரத் திட்டத்தில் எழுதி வேலை தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிடும். வெல்டர் அதைத் துப்பறிந்து கண்டுபிடித்தால் நல்ல வெல்டர் ஆவார் என்று எந்த இன்ஸ்பெக்டரும் சொன்னதில்லை. அவருடைய திறமையைச் சோதிப்பது வெல்டு ஜாயிண்டின் எக்ஸ்ரே படம். முகவரி கண்டுபிடிக்கும் சாமர்த்தியத்துக்கு மதிப்பெண் கிடையாது. கிட்ரிவ்யூ கோப்பும் மாற்றத்தை வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. பிளஸ் 2 போடும் உரிமை இருக்கிற கையில்தான் இருக்கும். எறும்புகள் ஏறி வழிபட்டன. ஏறியதால் அவை மூலவர் ஆகிவிடவில்லை.

இதெல்லாம் ஜெரிட்காரர்கள் கவலை, கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது என்போர் உண்டு. சாய்வு இடம் மாறியிருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை. எந்தக் கிளையைப் பூட்டுவது, எந்த அடைவுக்கு யார் பொறுப்பு என்பதை அங்கேயும் யாரோ எழுதி வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. ரிவ்யூபோர்டு, ஃபேப்ரிகேட்டர் என்று எந்தக் கருவியை எடுத்தாலும் களஞ்சியத்தின் உச்சியில் புள்ளி வைத்த ஒரு சின்னக் கோப்பு உட்கார்ந்திருக்கும்.

எழுதி வைத்த கோப்பு பழசாகி ஊறு செய்யாதா என்ற கேள்வியை மட்டும் தள்ள முடியாது. செய்யும். மாஸ்டர் என்றிருந்த கிளையை மெயின் என்று மாற்றிவிட்டு, கோப்பில் கடைசி வரியைத் திருத்த மறந்த களஞ்சியங்கள் இருக்கின்றன. அங்கே சாய்வு வேறு திசையில் இருக்கிறது, ஏறுகிற எறும்பு மறுபக்கமாக விழும். ஓப்பன்ஸ்டாக்கில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளியீட்டுக்கென்று புதிய கிளை பிரித்ததும், அந்தக் கிளையின் கிட்ரிவ்யூ கோப்பில் கிளைப்பெயரை மாற்றும் மாற்றத்தை ஒரு தானியங்கி அனுப்பிவைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு வரி மாற்றமும் ரிவ்யூவுக்குப் போய், இன்னொருவர் பார்த்துச் சம்மதித்த பிறகே உள்ளே வரும்.

அப்படியானால் முதன்முதலில் வந்த கிட்ரிவ்யூ கோப்பு எந்த கிட்ரிவ்யூ கோப்பின் துணையோடு ரிவ்யூவுக்குப் போனது? தர்க்க நூலார் அநவஸ்தை என்று அஞ்சும் குற்றம் இதுதான். முடிவில்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சுயம்பு என்று சொல்லித் தப்பிக்கலாம், மலைமேல் அதற்கு முன்மாதிரியும் உண்டு. நடைமுறையில், புராஜெக்டின் உரிமையாளர் முதல் கோப்பை ரெஃப்ஸ், ஃபார் சேர்த்துக் கையால் அனுப்பி, தாமே பிளஸ் 2 போட்டு உள்ளே தள்ளிவிடுவார். தன் மாற்றத்துக்குத் தானே பிளஸ் 2 போடுவதை ஜெரிட் தானாகத் தடுப்பதில்லை. தடுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு விதி எழுத வேண்டும். அந்த விதி, அதே களஞ்சியத்தில் மெட்டா கான்ஃபிக் என்ற தனிக் கிளையில், புராஜெக்ட் கான்ஃபிக் என்ற கோப்பில் இருக்கும். அதைத் திருத்தும் உரிமை உரிமையாளர் குழுவுக்கு. எது உரிமையாளர் குழு என்பதும் அதே கோப்பில்தான் எழுதியிருக்கிறது.