சப் ஸ்ட்ரைக்கர் மகிமை: சங்கரன்கோவில் டீக்கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

'சப்' எனப்படும் மாற்று வீரர், கால்பந்து ஆட்டத்தின் பெரும்பகுதியை நம்மைப் போலவே உட்கார்ந்து பார்ப்பவர். சம்பளம் மட்டும் வேறு. 1970க்கு முன் உலகக் கோப்பையில் இவ்வினம் காணப்படவில்லை. ரசிகர்கள் இவர்மீது வைத்திருக்கும் அளவு கடந்த பாசத்தின் காரணத்தை அறிவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. தரவு

மான்செஸ்டர் யுனைடெட்டின் நார்வே வீரர் ஓலே குன்னார் சோல்ஷேர். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடத்துக்குள் இறங்கி 4 கோல் போட்டார். அதே ஆண்டு மே 26, பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. 81ஆம் நிமிடத்தில் உள்ளே வந்தார். இஞ்சுரி டைமும் முடியப்போகிறது. கார்னரிலிருந்து வந்த பந்தைச் சக வீரர் ஷெரிங்கம் தலையால் தட்டிவிட, இவர் காலை நீட்டினார். பந்து வலையின் கூரையில். எதிரணியான பயர்ன் மியூனிக் வீரர்கள் தரையில். பின்னாளில் வலது ஓரத்தில் ஆள் இல்லையென்றால் அங்கேயும் ஆடினார்.

பிரீமியர் லீகில் அவர் அடித்தது 91 கோல். அதில் சப்பாக வந்து அடித்தவை 17தான். மற்ற 74 கோலைப் பற்றி எந்த டீக்கடையிலும் பேச்சில்லை.

3. கருதுகோள்

முதலிலிருந்து ஆடுபவர் கோலைக் கோட்டைவிட்டால் பழி அவருக்கு. சப் கோட்டைவிட்டால் பழி கோச்சுக்கு: "அப்பவே எறக்கியிருந்தா போட்டிருப்பாம்லா!" கோல் விழுந்தாலோ, "நான் அப்பவே சொன்னேம்லா!" இரண்டிலும் ஜெயிப்பவர் ரசிகரே. எனவே சப்பைப் புகழ்வது, தன்னைத் தானே மெச்சிக்கொள்வதற்கான நாகரிக ஏற்பாடு.

4. உள்ளூர்ச் சான்று

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் மல்லுக்கு நின்றதும், கோமதியம்மன் தவத்துக்கு இரங்கி இறைவன் ஒரே திருமேனியில் சிவனும் திருமாலுமாகக் காட்சி தந்ததும் இவ்வூர்த் தலபுராணம்; ஆண்டுதோறும் ஆடித்தபசு அதற்குச் சாட்சி. இப்படிப்பட்ட ஊரில், சென்னையின் எஃப்சியில் முன்பு ஆடிய ரஹீம் அலியைச் சப்பாக இறக்கினால் ஆட வேண்டியது நடுவிலா, ஓரத்திலா என்ற கேள்விக்கு "ரெண்டுந்தாம்லே" என்ற விடை எளிதில் செல்லுபடியாகும்.

5. முடிபு

சப்பை முதல் நிமிடத்திலேயே இறக்கக் கோருவது ரசிகர் கடமை. அதற்குச் செவிசாய்க்காமல் இருப்பது கோச்சின் கடமை. இருவரில் ஒருவர் தவறினாலும் சப்பும் மற்ற பத்துப் பேரைப் போல் ஏச்சு வாங்க ஆரம்பித்துவிடுவார்.