மூச்சு வாங்கினால் முகம் மலருமா?

கே: ஓடினால் மனசு லேசாகும் என்கிறார்களே, நிஜமா? எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.
- போர்வைக்குள்ளிருந்து, பெரம்பூர்

ப: நிஜம். ஆனால் ஓடும்போது தேடாதீர்கள். முதல் பத்து நிமிஷம் யாரைப் பார்த்தாலும் கோபம்தான் வரும். ஓடி முடித்து, குளித்து, காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது கவனியுங்கள். நேற்று ராத்திரி விஸ்வரூபம் எடுத்த மேனேஜர், மேனேஜர் சைஸுக்கு வந்திருப்பார்.

கே: எல்லாம் எண்டார்ஃபின் செய்யும் வேலைதானே?
- பார்மஸி மாணவி, நாமக்கல்

ப: அப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஓடினால் ரத்தத்தில் எண்டார்ஃபின் ஏறுவது உண்மை. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டுவது எண்டார்ஃபினுக்குச் சுலபமில்லை. 2021-ல் வெளியான ஹாம்பர்க் ஆய்வில், எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஆட்களை ஓட விட்டார்கள். அப்போதும் உற்சாகம் வந்தது, படபடப்பு குறைந்தது.

இப்போது பார்வை எண்டோகன்னபினாய்டுகள் மேல் திரும்பியிருக்கிறது. கஞ்சா மூளையில் எந்தக் கதவைத் தட்டுகிறதோ, அதே கதவைத் தட்டும் சரக்கு, உடம்பே காய்ச்சுகிறது. அதில் முக்கியமானது 1992-ல் ஜெருசலேமில் கண்டறிந்த அனந்தமைட். போலீஸ் பிடிக்காது. பிடிக்க வேண்டுமானால் போலீஸும் கூடவே ஓட வேண்டும்.

கே: நாலு நாள் ஓடினேன். நாக்கு தள்ளியது. ஆனந்தத்தைக் காணோம்!
- ஐ.டி. ஊழியர், பெருங்குடி

ப: வேகமாக ஓடியிருப்பீர்கள். புதுசாக ஓடுகிற முக்கால்வாசிப் பேர் நாய் துரத்துகிற வேகத்தில்தான் கிளம்புகிறார்கள். மச்சினன் கல்யாணச் சண்டையை முழு வாக்கியங்களில் சொல்லிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். பேச்சு திக்கினால் குறையுங்கள். இன்னும் திக்கினால் நடங்கள். யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஜாஷ் கிளார்க் என்றோர் இளைஞர். காதல் முறிந்த வேதனையில் ஓட ஆரம்பித்தவர். முதலில் வெறுத்தார், பிறகு விட முடியவில்லை. அந்த முதல் வெறுப்பு இல்லாமலே தன் அம்மாவை ஓட வைக்க வேண்டும் என்று 1996-ல் ஒரு திட்டம் போட்டார். முதல் வாரம் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, இப்படி மாற்றி மாற்றி 20 நிமிஷம். வாரத்தில் மூன்றே நாள். ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர். உலகம் முழுக்க ‘கவுச் டு 5கே’ என்று பரவியிருப்பது இதுதான். அம்மாவுக்குப் போட்ட திட்டம் உங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையே?

கே: ஓடினால் தொப்பை குறையுமா?
- வங்கி அதிகாரி, காரைக்குடி

ப: குறையலாம்; மாசக்கணக்கில், உங்கள் ஊர்ச் சாப்பாடும் ஒத்துழைத்தால். தொப்பைக்காக ஓடுகிறவர் தினம் எடை மெஷினில் ஏறி, தினம் நொந்து, சீக்கிரமே ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறார். மனசுக்காக ஓடுகிறவருக்குக் கூலி அன்றன்றைக்கே பட்டுவாடா. நான் இரண்டாவது கட்சி.

கே: டிரெட்மில் வாங்கலாமா?
- புது வீட்டுக்காரர், திருப்பூர்

ப: அதன் முப்பாட்டனை 1818-ல் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் கியூபிட் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்தார். அவர்கள் தண்டனையாக மிதித்தார்கள். நீங்கள் இ.எம்.ஐ. கட்டி மிதிப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு உதவும். மற்ற மாசங்களில் துண்டு காயும்.

கே: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓட ஆரம்பித்தால் நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

ப: கூடாது. நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். 1999-ல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வில், 50 வயதைத் தொட்ட, தாண்டிய 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள்: மாத்திரை மட்டும், உடற்பயிற்சி மட்டும், இரண்டும். 16 வாரத்தில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. மாத்திரைக்குப் பலன் சற்றுச் சீக்கிரம் தெரிந்தது. ஆக, ஓட்டம் லேசுப்பட்ட மருந்து இல்லை. இதை உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரையின் அளவு அவர் கையில். ஷூவின் கயிறு உங்கள் கையில்.

கே: எனக்கு 62. இனிமேலா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

ப: ஃபவுஜா சிங்குக்கு நீங்கள் மகன் வயசு. மனைவி, மகன் என்று அடுத்தடுத்துப் பறிகொடுத்த துக்கத்தில் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்ட மனுஷர். 2000-ல் லண்டன் மாரத்தான் ஓடியபோது வயது 89. 2011-ல் டொராண்டோவில் முழு மாரத்தான், நூறு வயதில். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் பதிவு செய்யவில்லை. 42.195 கிலோமீட்டர் சான்றிதழ் கேட்கவில்லை. நீங்கள் முதலில் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிட்டு வாருங்கள் ஐயா.

கே: எந்த ஷூ நல்லது?
- கல்லூரி மாணவர், வேலூர்

ப: கடிக்காதது. 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் அபபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். ஷோரூமில் ஓடுவதைக் குறையுங்கள்.

கே: தனியாக ஓட வெட்கமாக இருக்கிறது. தெருவே பார்க்கிறது.
- இல்லத்தரசி, மன்னார்குடி

ப: தெரு ஒரு வாரம் பார்க்கும், எட்டாவது நாள் அதற்கு வேறு வேலை வந்துவிடும். பெசன்ட் நகர் கடற்கரைக்கு விடிகாலையில் வந்து பாருங்கள் அம்மா. சுடிதார், வெள்ளைக் கான்வாஸ், தலையில் நேற்றைய மல்லிகை. அருகம்புல் சாறு விற்பவரிடம் சில்லறை பாக்கி வைத்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். துணை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். அடிபட்டு, வேலையும் போய், மனம் ஒடிந்திருந்த பால் சின்டன்-ஹெவிட் 2004-ல் லண்டன் புஷி பூங்காவுக்கு நண்பர்களைக் கூப்பிட்டார். ஓடியவர்கள் 13 பேர். சனிக்கிழமைதோறும் பல நாடுகளில் நடக்கும் பார்க்ரன்னின் முதல் காலை அதுதான்.

கே: இரண்டு மாசமாக ஓடுகிறேன். இப்போது ஓடாத அன்று எரிச்சல் எரிச்சலாக வருகிறதே?
- முன்னாள் சோம்பேறி, சேலம்

ப: வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்களா? இனிமேல் அலாரம் வைப்பது அவர்கள் பொறுப்பு.