கடைசி பெஞ்சுக்கும் அழைப்பு வைத்தாயிற்றா?

பட்டுக்கோட்டை வாசகர்: 30 வருஷம் கழித்துப் பள்ளித் தோழர்களைப் பார்க்கப் போகிறேன். பாதிப் பேரை அடையாளமே தெரியாதே?

அவர்களுக்கும் உங்களைத் தெரியாது, கணக்கு சரி. முகத்தை விட்டுவிட்டுக் குரலைக் கேளுங்கள். முடி போகும், தொப்பை வரும்; குரல் அத்தனை சுலபத்தில் மாறாது. அதுவும் கைவிட்டால் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புகிறவர் அவர்தான்!

திண்டுக்கல் மாணவி: அமெரிக்கப் படங்களில் வரும் ‘இயர்புக்’ என்பது என்ன?

வருஷக் கடைசியில் வெளிவரும் கெட்டி அட்டைப் புத்தகம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம். விளையாட்டு, நாடகம், சங்கம் எல்லாவற்றுக்கும் பக்கம். படம் எடுப்பதிலிருந்து விளம்பரம் பிடிப்பது வரை பெரும்பாலும் மாணவர் கைவேலை. புத்தகம் வந்ததும் ஆளாளுக்கு மாற்றிக் கையெழுத்து வாங்குவார்கள். நம் ஊர் குரூப் போட்டோவையும் ஆட்டோகிராஃப் நோட்டையும் அவர்கள் ஒரே பைண்டிங்கில் போட்டுவிட்டார்கள்.

ஓசூர் வாசகர்: ‘ஜெயிக்கப் போகிறவர் இவர்’ என்று அங்கே வகுப்பே ஓட்டுப் போடுமாமே. பலிக்குமா?

1935-ல் சோட் என்ற பள்ளியில் ஒரு பையனுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. படிப்பில் 112 பேரில் 64-வது இடம். இயர்புக்கின் வரவு செலவைக் கவனித்த வகையில் ஆள் பிரபலம். பெயர், ஜான் எஃப். கென்னடி; பின்னாளில் அமெரிக்க அதிபர். ரேங்க் கார்டுக்குத் தெரியாதது பக்கத்து பெஞ்சுக்குத் தெரியும்.

விருதுநகர் வாசகர்: பழைய குரூப் போட்டோவில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே, ஏன்?

அமெரிக்காவிலும் அதே கதைதான். 2015-ல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இயர்புக்குகளிலிருந்து 37,921 முகங்களை எடுத்துக் கணினியில் அடுக்கினார்கள். 1905-ல் தொடங்கும் வரிசையில் முதலில் உம்மென்று இருந்த உதடுகள், போகப் போக விரிகின்றன; சிரிப்பில் பெண்கள் எப்போதும் ஒரு படி முன்னால். நம் படத்துக்கென்று தனிக் காரணம் ஒன்று உண்டு: நடு நாற்காலியில் ஹெட்மாஸ்டர்.

நாகர்கோவில் வாசகர்: நேற்றுச் சாப்பிட்டது மறக்கிறது; ஒன்பதாம் வகுப்பு டிபன் பாக்ஸ் மறக்கவில்லை. இது வியாதியா?

இல்லவே இல்லை. வயதில் மூத்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் குவிந்து வருகின்றன. முதல் சைக்கிள், முதல் காதல், முதல் ஃபெயில் எல்லாம் அந்த வயதில்தானே? நேற்றைய உப்புமா முதல் தடவை இல்லையே!

ஆனால் 1688-ல் கேட்டிருந்தால் ‘ஆமாம், வியாதி’ என்றிருப்பார்கள். யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ஊர் நினைவில் ஏங்குவதை நோயென்றே எழுதி ஆய்வேடு கொடுத்தார். சொன்ன சிகிச்சை: ஊருக்கு அனுப்பி வைப்பது. உங்களுக்கும் அதே மருந்துச் சீட்டு, பஸ் ஏறுங்கள்.

கும்பகோணம் வாசகி: ‘96’ படம் பார்த்த கையோடு என் கணவர் ரீயூனியனுக்குக் கிளம்புகிறார். அனுப்பலாமா?

தாராளமாக. 2018-ல் வந்த அந்தப் படத்தில் பள்ளிக் காதலர்களான ராமும் ஜானுவும் கண்ணியமாகத்தான் விமான நிலையத்தில் பிரிகிறார்கள். அனுப்பிவிட்டு, உங்கள் பள்ளித் தோழிகளுக்கும் போன் போடுங்கள். பழைய ஞாபகத்தை ஆண்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

ஆரணி வாசகர்: செட்டில் ஆண்கள் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள், பெண்களைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்யாணத்தோடு ஊர் மாறும், இனிஷியல் மாறும், பல வீடுகளில் போனும் கணவர் பெயரில் இருக்கும். வாட்ஸ்ஆப்பில் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்? பிறந்த வீட்டுத் தெருவுக்குப் போங்கள்; தம்பியோ அண்ணியோ இருப்பார்கள். தேதியை ஊர்த் திருவிழாவை ஒட்டி வையுங்கள். அம்மா வீட்டுக்கு வருகிறவர்கள் அரைநாள் பள்ளிக்கும் வருவார்கள்.

கோவை வாசகர்: ஃபேஸ்புக் இருக்கும்போது நேரில் எதற்கு?

2004-ல் ஃபேஸ்புக்கே ஹார்வர்டு மாணவர் விடுதியில் பிறந்ததுதான். அதற்கு முன்பே, 1995-ல், பள்ளித் தோழர்களைத் தேடுவதற்கென்று ‘கிளாஸ்மேட்ஸ்’ தளம் வந்துவிட்டது. தேடுவதற்கு அவை போதும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் இலை வடையைக் கேட்காமல் எடுக்க ஆள் வேண்டுமே!

மேலூர் வாசகர்: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். செட்டில் டாக்டர், இன்ஜினியர் எல்லாம் உண்டு. போகக் கூச்சமாக இருக்கிறது.

அவசியம் போங்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே ‘உள்ளேன் ஐயா’தான், சம்பளத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது.

ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக்கை நீட்டி ‘இப்போ என்ன பண்றே?’ என்று கேட்காதீர்கள். ‘அப்போ என்ன பண்ணினே?’ என்று கேளுங்கள். கைதட்டல் முழுக்கக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடும்.

மதுரை வாசகர்: ரிசார்ட்டா, பள்ளிக்கூடமா?

பள்ளிக்கூடம். ரிசார்ட்டில் நீச்சல் குளம் இருக்கும். நீங்கள் முட்டி போட்ட வராண்டா இருக்காது. ஆயிரக்கணக்கில் வசூல் வைத்தால் வசதியில்லாதவர் ‘வேலை இருக்கு’ என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். உண்மையில் அவருக்கு அன்று வேலை இருக்காது.

தேனி வாசகி: மிஞ்சும் பணத்தில் பள்ளிக்கு ஏதாவது செய்யலாமா?

செய்யுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் உதவத் தமிழக அரசு 2022-ல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. பணம் கட்டுமுன் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். கழிவறையில் தண்ணீர் வராத பள்ளிக்கு, உங்கள் செட் பெயர் பொறித்த நுழைவாயில் வளைவு எதற்கு?

கரூர் வாசகர்: பிரம்பால் விளாசிய வாத்தியாரை அழைக்கலாமா?

அழையுங்கள். வண்டி வைத்துக் கூட்டி வந்து, வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள். சால்வையைவிட அவருக்கு அது பெரிது. அதேநேரம், ‘அந்த அடி இன்னும் வலிக்கிறது’ என்று சொல்ல ஒருவர் எழுந்தால் அவரையும் உட்காரச் சொல்லாதீர்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடைசெய்துவிட்டது. நன்றி சொல்லவும் உரிமை உண்டு, வலியைச் சொல்லவும் உரிமை உண்டு.

சிதம்பரம் வாசகி: எங்கள் 1987 குரூப் போட்டோவில் பல பேர் பெயரே யாருக்கும் ஞாபகமில்லை. என்ன செய்ய?

இன்றைக்கே படத்தை ஃப்ரேமிலிருந்து கழற்றுங்கள். பின்பக்கம் மெதுவாகப் பென்சிலால், வரிசைப்படி பெயர் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். பெயர் தெரியாத இடம் வந்தால், தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போடுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அவர் இன்னொருவருக்குப் போடட்டும். எல்லாப் பெயரும் நிரம்பும்போது பாதி வகுப்பு ஒன்றுகூடியிருக்கும். பெயர் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.