வகுத்துக் கட்டும் குடும்பம்

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் உறவு முளைக்கும் இடம் ‘டிவைடிங் சிஸ்டம்’ எனப்படும் மெஸ் கணக்கு. அதாவது, மாதம் முழுதும் அரிசி, பருப்பு, எரிவாயு, சமையலாள் கூலி என ஆன செலவைக் கூட்டி, மாணவர் அனைவரும் உண்ட நாள்களின் மொத்தத்தால் வகுத்து, அவரவர் உண்ட நாள்களுக்கேற்ப அவரவர் தலையில் ஏற்றும் முறை. ஞாயிற்றுக்கிழமை ஒருவன் கூடுதலாக அமுக்கிய கோழித்துண்டுக்குப் பக்கத்து அறையின் சைவனும் பங்கு கட்ட நேர்வதால், கூட்டுக்குடும்பத்தின் இலக்கணம் இங்குப் பழுதின்றி நிறைவேறுகிறது. ராகிங்கை 1997-இல் சட்டம் தடைசெய்தபின், மூத்தவர்கள் (ஏட்டளவிலேனும்) ‘அண்ணன்’ பதவியோடு அமைந்தனர். வீட்டில் அம்மாவின் குழம்பைக் குறைசொல்லி வளர்ந்த மதுரைக்காரனும் தருமபுரிக்காரனும், பருப்பைத் தேடவேண்டிய விடுதிச் சாம்பாரை ஒருமித்துத் திட்டியே ஒரு வாரத்தில் ‘மச்சான்’ ஆகிவிட, வார்டன் மட்டும் சீர் பாக்கி வைத்த சம்பந்தியைப் போல எவர் கண்ணிலும் படாமல் நடமாடுகிறார்.